அக்கா என்னைத் தொடாத மாதங்கள்

எங்கள் வீட்டில் சோப்பு சீக்கிரமாகத் தீர்ந்துபோவதைத்தான் முதலில் கவனித்தார்கள். ஒரு மாதம் வரவேண்டிய கட்டி நான்கே நாளில் தகடாகி, ஐந்தாம் நாள் காணாமல் போனது. பழி என்மேல் விழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பப்பாளித் தண்டில் சோப்புத் தண்ணீரை எடுத்துக் குமிழி ஊதும் பழக்கம் இருந்தது. அம்மா விசாரணை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து முதுகில் இரண்டு போட்டாள். அடுத்த கட்டியும் நான்கு நாளில் தீர்ந்தது. மறுபடியும் இரண்டு. மூன்றாவது கட்டிக்கு நான் அடி வாங்கியபோது அக்கா குறுக்கே வந்தாள்.

"அவ இல்லம்மா. நான்தான்."

அம்மா நம்பவில்லை. தங்கச்சியைக் காப்பாற்றப் பெரியவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, அந்த நல்ல குணத்தைப் பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அக்கா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் அறிவியல் நோட்டில் வரைந்த தவளையை வேறு வகுப்பு டீச்சர்கள்கூட வாங்கிப் பார்ப்பார்கள். அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தார்கள். அப்பா பாத்தியில் இறங்கி உப்பை வாரி ஒதுக்குவார், அம்மா கூடையில் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் குவிப்பாள். இரண்டு பேருடைய பாதங்களிலும் எப்போதும் வெடிப்பு இருக்கும். அக்காவை மட்டும் பாத்திப் பக்கம் அப்பா விட்டதில்லை. "ஒரு தபா எறங்கினா கால் பழகிடும்" என்பார்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கடல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி உப்பளத்தின் வரப்புகளையெல்லாம் கரைத்துவிட்டு, எங்கள் தெருவைத் தொடாமல் திரும்பிப் போனது. எங்கள் பக்கம் ஒரு கோழிகூடச் சாகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டி இருந்த குப்பத்தில் அப்படி இல்லை. அக்காவின் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் அந்தக் குப்பத்துக்காரி. அவளை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள். அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பது வழக்கம்தானே. அக்கா குழாயடியில் உட்கார்ந்து குளித்தாள். வெயில் சாய்ந்த பிறகும் குளித்துக்கொண்டிருந்தாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரே அழுதுகொண்டிருந்த நேரம் அது. ஒரு பெண் எவ்வளவு நேரம் குளிக்கிறாள் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

எனக்குத் தெரிந்த மாற்றம் வேறு. தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அக்காதான் எனக்குத் தலை வாரிப் பின்னுவாள். பொங்கல் லீவு முடிந்து போகிற அன்று சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல அவள் முன்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கை விழவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்மாகிட்டப் பின்னிக்க, குட்டி."

"ஏன்?"

"சொன்னா கேளு. கிட்ட வராத."

என் தலையில் பேன் இருப்பதுதான் காரணம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வேப்பெண்ணெய் தடவி மூன்று நாள் நாறிக்கொண்டு திரிந்தேன். அப்புறமும் அவள் தொடவில்லை. நான் குடித்த டம்ளரைத் தொடவில்லை, என் பாயை மிதிக்கவில்லை. நான் தூங்குகிற அறைக்குள் வருவதற்கு முன்னால் கை கழுவினாள், வந்த பிறகும் போய்க் கழுவினாள். என்னை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று புரிந்தது. எனக்கும் ரோஷம் உண்டு. நானும் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

சுனாமிக்குப் பிறகு கிணறுகளில் போடச் சொல்லி வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் அப்பா அம்மா இல்லை. பின்பக்கம் அந்த நெடி மூக்கை அறுத்தது. போய்ப் பார்த்தேன். அக்கா வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. எதையோ எண்ணினாள். நடுவில் தப்பிப்போயிற்று போல, தலையை ஆட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"அக்கா" என்றேன்.

அவள் திடுக்கிட்டுக் கையை வெளியே எடுத்தாள். அந்தக் கையை நான் இன்றுவரை மறக்கவில்லை. உள்ளங்கைத் தோல் வெள்ளையாக உப்பி, விரல் இடுக்குகளில் உரிந்து தொங்கியது. அதன் கீழே சிவப்பாகத் தசை தெரிந்தது. உப்பில் வெடித்த கால்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் உப்பையே தொடாத ஒருத்தியின் கை இப்படி வெந்திருக்கும் என்று நான் எங்கே கண்டேன். கத்திக்கொண்டே உப்பளத்துக்கு ஓடினேன்.

அன்றிலிருந்து வீட்டில் அக்கா ஒரு பிரச்சினையானாள். மருந்துக் கடைக்காரர் சொறி சிரங்குக்குப் போடும் களிம்பு ஒன்றைக் கொடுத்து, கையை அடிக்கடி கழுவிச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்து வீட்டில் பரீட்சை பயம் என்றார்கள். எதிர் வீட்டில், வயசுப் பெண்ணுக்கு இப்படியெல்லாம் வரும், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். அம்மா சோப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். அக்கா அடுப்புச் சாம்பலை எடுத்துத் தேய்த்தாள். சாம்பலை அள்ளி வெளியே கொட்டினால் மணலால் தேய்த்தாள். அம்மா அடித்தாள், அழுதாள், காலில் விழுந்தும் பார்த்தாள்.

"ஏண்டி, எத்தினி வாட்டி கழுவுவ? ஒரு வாட்டி கழுவினா போவாதா?"

"போயிடும்மா. எனக்கே தெரியுது. ஆனா முடியல" என்றாள் அக்கா.

தெரிந்தும் முடியாதென்றால் அது வேறொருத்தி வேலைதான் என்று அத்தை சொல்லிவிட்டாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவள் பேச்சுக்கு அப்பா மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. "தண்ணியில செத்த பொண்ணு தண்ணிய உட்டுப் போவுமா, தம்பி? அதான் இவள தண்ணியிலயே உக்கார வெக்குது. எனக்கு ஒரு எடம் தெரியும். வர்ற வெள்ளிக்கிழமை இட்டுக்கினு போலாம்."

அந்த வாரம்தான் நான் என் வாழ்க்கையின் பெரிய பொய்யைச் சொன்னேன்.

குப்பத்தில் ஒரு கூடாரம் போட்டு, வாரம் ஒருமுறை பாண்டிச்சேரியிலிருந்து ஒரு மிஸ் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டுப் போவார். கவுன்சிலிங் என்றார்கள். எங்களுக்கு அவர் கலர் பென்சில் மிஸ். படம் வரையச் சொல்வார், வரைந்தவர்களுக்குப் பென்சில் டப்பா. என் வகுப்புக் குப்பத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் பன்னிரண்டு கலர் இருந்தது. தண்ணீர் வராத தெருவில் பிறந்த குற்றத்துக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவர்களோடு ஓடையைச் சுற்றிக்கொண்டு நானும் போய்ப் பாயில் உட்கார்ந்தேன்.

மிஸ் ஒவ்வொருவரிடமும் குனிந்து மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். என்னிடம் வந்து, "நீ புதுசா? உங்க வீட்ல யாருக்காவது ஏதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை என்றால் டப்பா கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

"எங்க அக்காவ அலை இஸ்துக்கினு போயிடுச்சு மிஸ். அப்புறம் அதுவே திருப்பிக் கொண்டாந்து போட்டுடுச்சு."

"இப்ப அக்கா எப்படி இருக்காங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் தயாராக இல்லாததால் உண்மை வந்துவிட்டது. "கை கழுவிக்கினே இருக்குது மிஸ். எண்ணிக்கினே கழுவுது. பிளீச்சிங் பவுடர்லகூட கழுவுது. தோலு போயிடுச்சு. அழுவுது, ஆனா நிறுத்த மாட்டேங்குது."

மிஸ் எழுதுவதை நிறுத்தினார். உட்கார்ந்தார். எத்தனை நாளாக, சாப்பிடுகிறாளா, பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் அக்காவைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பேய் ஓட்டக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன். தெருவைக் கேட்டார். அதையும் சொன்னேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"மிஸ், இவ பொய் சொல்றா மிஸ். இவங்க தெருவுல தண்ணியே வரல. இவ அக்காவ எந்த அலையும் தூக்கல."

அவனுடைய தம்பி செத்துப்போயிருந்தான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து ஓடினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கையில் ஒரு பச்சைப் பென்சில் இருப்பது தெரிந்தது. அதைக் கொல்லையில் புதைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அப்பா, அம்மா, அக்கா, அத்தை, நான் ஐந்து பேரும் கிளம்பினோம். இரண்டு பஸ் மாறிப் போனோம். அந்த இடம் எங்கே என்று சொல்ல விருப்பமில்லை. ஓலைக் கொட்டகை, முன்னால் ஒரு சூலம், கற்பூர வாசனை. நான் ஏதோ திருவிழாவுக்கு வந்ததுபோல வேடிக்கை பார்த்துக்கொண்டு கொட்டகையின் பக்கவாட்டில் போனேன். அங்கே ஒரு பெண் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். தலையை இரண்டாக வகிடெடுத்துப் பின்னியிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எந்த ஊரு பாப்பா?"

சொன்னேன்.

"எத்தனாவது படிக்கிற?"

"அஞ்சாவது."

"பத்தாவதுக்கு ஹால் டிக்கெட் குடுத்துட்டாங்களான்னு தெரியுமா?"

தெரியாது என்றேன். அவள் காலை நீட்டி உட்காரப் பார்த்தாள். அப்போது சத்தம் கேட்டது. கணுக்காலில் ஒரு சங்கிலி. மாடு கட்டுகிற சங்கிலியைவிட மெல்லியது. அது தூணைச் சுற்றிப் பூட்டு போட்டிருந்தது. அவள் என் பார்வையைக் கவனித்து, பாவாடையை இழுத்து அதை மூடினாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல, "கணக்குதான் எனக்குக் கஷ்டம்" என்றாள்.

பேய் பிடித்தவர்கள் தலைவிரித்து ஆடுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். ஹால் டிக்கெட் கேட்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி ஓடினேன்.

கொட்டகைக்குள் அந்த இடத்துக்காரர் அக்காவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்தெட்டு நாள் உட்டுட்டுப் போங்க. கையக் கட்டிப்போட்டுட்டா தண்ணிகிட்ட போவ முடியாது. தானா எறங்கிடும்." பக்கத்திலிருந்த ஒருவர் தாம்புக் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தலையசைத்தாள்.

அப்போது அக்கா, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"கட்டுங்க" என்றாள். "நல்லா இறுக்கிக் கட்டுங்க. அவுக்க முடியாத மாதிரி கட்டுங்க."

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. கயிறு வைத்திருந்தவரே ஒரு கணம் நின்றுவிட்டார். அவள் தப்பித்து ஓடியிருந்தால், கத்தியிருந்தால், அப்பா ஒருவேளை அத்தை பேச்சைக் கேட்டிருப்பார். அவள் நீட்டிய கைகளைப் பார்த்ததும் அவர் முகம் கோணிப் போயிற்று. எழுந்து போய் அந்தக் கயிற்றைப் பிடுங்கி ஓரமாக எறிந்தார்.

"வாம்மா. வூட்டுக்குப் போலாம்."

"டேய் தம்பி, இன்னாடா பண்ற?" என்று அத்தை கத்தினாள். அக்காவின் கையைப் பிடித்தால் வலிக்கும் என்பதால் அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டை நோக்கி நடந்தார். அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். தூணடியில் அந்தப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை எங்களோடு வரவில்லை. பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மதியம் தாண்டி வீட்டுக்கு வந்தபோது வாசலில் கலர் பென்சில் மிஸ் உட்கார்ந்திருந்தார். பென்சிலைத் திருடிய குற்றத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் வந்த காரணத்தைக் கேட்டதும் அம்மா கூனிக்குறுகிப் போனாள்.

"இது பொய் சொல்லிட்டு வந்திருக்குதுங்க மிஸ். நாங்க சுனாமி லிஸ்ட்டுல இல்ல. எங்களுக்கு ஒண்ணும் ஆவல."

"லிஸ்ட்டு வேறங்க. நான் பெரிய பொண்ணைப் பாக்கத்தான் வந்தேன். காலையிலேயே வந்துடணும்னு பாத்தேன், பஸ்ஸை உட்டுட்டேன்."

அம்மா தயங்கித் தயங்கி, "பைத்தியமாங்க?" என்று கேட்டாள்.

"இல்லீங்க. இது ஒரு வியாதி. மனசுல ஒரு பயம் மாட்டிக்கிச்சு. கழுவினா கொஞ்ச நேரம் அடங்கும், திரும்ப வரும். நெறையப் பேருக்கு வர்றதுதான். மருந்து இருக்கு, வைத்தியம் இருக்கு. பாண்டிச்சேரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா உடனே போயிடாது, பொறுமையா இருக்கணும்."

பிறகு அக்காவுக்கு எதிரில், தொடாத தூரத்தில் தரையில் உட்கார்ந்தார். கையை ஏன் கழுவுகிறாய் என்று கேட்கவில்லை. அதைத்தான் நாங்கள் எல்லோரும் ஆயிரம் தடவை கேட்டிருந்தோம். அவர் கேட்டது வேறு.

"கழுவலன்னா என்ன ஆயிடும்னு தோணுதும்மா?"

அக்கா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். "குட்டி இருந்தா சொல்ல மாட்டேன்" என்றாள்.

என்னை வெளியே அனுப்பினார்கள். நான் வீட்டைச் சுற்றி வந்து ஓலைத் தட்டியில் காதை வைத்தேன். அக்கா தேம்பித் தேம்பிப் பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. செத்துப்போன தோழியின் கையைப் பிடித்ததாகச் சொன்னாள். அந்தக் கை சில்லென்று இருந்ததாகச் சொன்னாள். கடைசியில் தெளிவாக ஒன்று கேட்டது.

"நான் தொட்டா குட்டி செத்துடுவா மிஸ்."

அக்கா என்னைச் சாகடிக்கப் போகிறாள். அதை அவளே, பெரியவர்கள் முன்னால், தன் வாயால் சொல்கிறாள். அம்மா அதைக் கேட்டும் அவளை அடிக்கவில்லை, கூடவே அழுகிறாள். இந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை என்று அன்று முடிவு கட்டினேன். அதன் பிறகு அவள் என்னிடமிருந்து விலகியதைவிட நான் அவளிடமிருந்து அதிகமாக விலகினேன்.

அக்காவை வாரா வாரம் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். அதற்காக அப்பா ஒரு வாரம், அம்மா ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். மாத்திரை சாப்பிட்டதும் முதலில் எந்நேரமும் தூங்கினாள். பிறகு மெல்லத் தெளிந்தாள். அந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுதவில்லை, அடுத்த வருஷம் எழுதினாள். இன்று அவள் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். இடையில் இரண்டு முறை அந்த நோய் திரும்ப வந்தது, இரண்டு முறையும் அவளே பஸ் ஏறிப் போய் டாக்டரைப் பார்த்தாள். அதெல்லாம் பின்னால். நான் சொல்ல வந்தது ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைப் பற்றி.

அன்று மதியம் மிஸ் வந்திருந்தார். சின்னச் சின்னதாகப் பல பயிற்சிகளை அக்காவுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தவர், அன்றைக்குப் பெரிய ஒன்றைக் கொடுத்தார். என் கையைத் தொட வேண்டும். தொட்ட பிறகு அரைமணி நேரம் கழுவாமல் உட்கார வேண்டும். அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்கள். எதற்கென்று எனக்கு யாரும் விளக்கவில்லை. சொன்னாலும் புரியாது என்று நினைத்திருப்பார்கள்.

அக்காவின் கை வந்தது. தோல் ஆறி, புதிதாக, இளஞ்சிவப்பாக இருந்தது. ஏழு மாதம் கழித்து அது என் மணிக்கட்டில் பட்டது. நான் அலறிக்கொண்டு கையை உதறிவிட்டு ஓடினேன். கொல்லையில் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டேன். செத்துக்கொண்டிருக்கிறேனா என்று பார்க்க மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

உள்ளே மிஸ்ஸின் குரல் கேட்டது. "எழுந்திரிக்காதீங்க. அப்படியே இருங்க. பயம் ஏறும், அப்புறம் தானா எறங்கும்."

பிறகு அக்கா கூப்பிட்டாள்.

"குட்டி?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"குட்டி, இருக்கியாடி?"

என்னைக் கொல்லப் பார்த்தவளுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் மூன்றாம் முறை கூப்பிட்டபோது அது கூப்பிடுகிற குரலாக இல்லை. யாரோ கழுத்தை நெரிப்பதுபோல இருந்தது. தண்ணீர் வாளி வாசற்படியில்தான் இருந்தது. எழுந்து நான்கு அடி வைத்தால் போதும். கையைக் கழுவிவிட்டால் தங்கை பிழைத்துக்கொள்வாள் என்று அவள் மனசு சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. வாளி சத்தம் வருகிறதா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

அரைமணி நேரம் கழித்து அம்மா வந்து விறகுக்குப் பின்னாலிருந்து என்னைக் கண்டுபிடித்துத் தூக்கினாள். உள்ளே அக்கா சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மடியில் விரித்துவைத்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் என் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

மூன்று தடவை கூப்பிட்டும் ஒரு தடவைகூடப் பதில் சொல்லாமல் தோற்கடித்துவிட்டேன், அதனால்தான் அழுகிறாள் என்று நினைத்து, அம்மாவின் இடுப்பிலிருந்தபடியே நான் அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.